மழை பெய்த மறுநாள் வாருங்கள்

"தண்ணி கெட்டுப்போச்சுன்னு எதை வச்சும்மா சொல்ற? டெஸ்ட் பண்ணிப் பாத்தியா?"

இந்தக் கேள்வியை இதுவரை நாலு மேசைகளில் கேட்டுவிட்டார்கள். நாலு இடத்திலும் நின்றபடியேதான் பதில் சொன்னேன். பார்த்தேன் ஐயா, என் வயலில் பார்த்தேன், ஐந்து பருவமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அதெல்லாம் டெஸ்ட் ஆகாதாம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் இறங்கிக் கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் என் ஊர் வரும். ஊர்ப் பெயரையும், குப்பை கொட்டுகிறவர்கள் பெயரையும் இங்கே எழுதவில்லை. நான் அந்த ஊரிலேதான் இன்னும் குடியிருக்க வேண்டும். எனக்கு இருப்பது ஒன்றே கால் காணி. மாமனார் காலத்திலிருந்து அதில் சம்பா, சம்பாவுக்குப் பின்னால் உளுந்து. தை மாதம் நெல் அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, மண் மெழுகு பதத்தில் இருக்கையில் உளுந்தைத் தெளித்துவிடுவோம். உழவு கிடையாது, தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் மாசிப் பனியிலும் அது தானாக வளர்ந்து காய்க்கும். நெல்லில் வருவது கடனுக்குப் போகும். உளுந்தில் வருவதுதான் கையில் நிற்கும். என் மகளுக்குக் காதுக்குப் போட்டது உளுந்துக் காசு. அதனால் உளுந்து போனதை யாராவது "ஊடுபயிர்தானே" என்று சொன்னால் எனக்கு வயிறு பற்றி எரிகிறது.

என் வயலுக்குக் கிழக்கே இருந்த பள்ளத்தை மேடாக்கத்தான் குப்பை வருகிறது என்றார்கள். பள்ளம் நிரம்பியது, குப்பை வண்டி நிற்கவில்லை. இன்றைக்கு என் வரப்பில் நின்றால் கிழக்கே வானம் தெரியாது, மேடுதான் தெரியும். பலகையில் "உரக்கிடங்கு" என்று எழுதியிருக்கிறது. அங்கிருந்து ஒரு கூடை உரம் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. வெளியே வருவது தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் அது இருக்காது. எங்கள் மாவட்டத்துக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில்தான் கொட்டும். மேட்டின் தலையில் விழும் மழை உள்ளே இறங்கி, அழுகின காய்கறி, மீன் கழிவு, பேட்டரிக் கட்டை, பெயின்ட் டப்பா, உடைந்த டியூப்லைட், மருந்துப் பட்டை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு அடியில் கசியும். டிகாஷன் நிறம். மேலே நுரை. கை வைத்தால் வழவழப்பு. மூத்திரக் காரல் மூக்கில் ஏறும். புத்தகத்தில் இதற்குக் கசிவுநீர் என்று பெயராம். நாங்கள் கருப்புத் தண்ணி என்கிறோம். மழை வலுத்தால் அது வடிகாலில் இறங்கும், வடிகால் நிரம்பினால் எதிர்த்து ஏறி என் மடை வழியாக வயலுக்குள் வரும். எங்கள் நிலம் களிமண். வந்த தண்ணீர் லேசில் வடியாது.

முதல் வருஷம் என்ன நடந்தது தெரியுமா? பயிர் செழித்தது. பொய் சொல்லவில்லை. யூரியா போட்டவன் வயலைவிட என் வயல் கரும்பச்சையாக நின்றது. எதிர் வயல்காரர் கூட, "அண்ணி, குப்பைத் தண்ணி உனக்கு மட்டும் வரமா வந்திருக்கு" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன், அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பயிர் தலைக்கு மேல் வளர்ந்து, கதிர் வந்த நேரத்தில் ஒரு காற்றுக்கே மொத்தமாகச் சாய்ந்தது. அறுத்துத் தூற்றினால் பாதிக்கு மேல் பதர். பின்னால் தெளித்த உளுந்து கொடியோடியது, இலை உள்ளங்கை அகலம், காய் இல்லை. தழைச்சத்து அளவு மீறினால் இப்படித்தான் ஆகும் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு நான் விதையைத் திட்டினேன், காற்றைத் திட்டினேன், என் தலையெழுத்தைத் திட்டினேன். தண்ணீரைத் திட்டவில்லை.

இரண்டாம் வருஷம் நாற்று நட்ட பதினைந்தாம் நாள் நுனி கருகியது. பிடுங்கிப் பார்த்தால் வேர் வெள்ளையாக இல்லை, துருப்பிடித்த கம்பி மாதிரி இருந்தது. மூன்றாம் வருஷம் மடை ஓரத்து அரைக்கால் காணியில் உளுந்து முளைக்கவே இல்லை. மண்ணைத் தோண்டி விதையை எடுத்தேன். ஊறியிருந்தது, தோல் உரிந்திருந்தது, முளைக்குருத்து எட்டிப் பார்த்த இடத்திலேயே பழுப்பாகச் செத்திருந்தது. விதைத்தது முளைக்காமல் போவதைப் பார்த்திருக்கிறேன். முளைக்கப் பார்த்துச் செத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் அக்கா மகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படிக்கிறாள். 1929-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், எங்கள் வயல்களுக்கு நடுவில்தான் நிற்கிறது. அவள் வந்து பார்த்துவிட்டு, "சித்தி, அழாதே. வெங்காயம் வாங்கு" என்றாள். சின்ன வெங்காயம், ஒரே அளவாகப் பொறுக்கியது. அஞ்சு டம்ளர். ஒன்றில் எங்கள் வீட்டு அடிபம்புத் தண்ணீர். மற்ற நாலில் கருப்புத் தண்ணீரைப் பத்தில் ஒரு பங்கு, கால் பங்கு, அரைப் பங்கு, முழுசு என்று கலந்தாள். வெங்காயத்தின் பழைய வேரைக் கிள்ளிவிட்டு, அடிப்பக்கம் மட்டும் தண்ணீரைத் தொடுகிற மாதிரி ஒவ்வொரு டம்ளர் வாயிலும் உட்கார வைத்தாள். தண்ணீர் குறையக் குறைய அதே கலவையை ஊற்றச் சொன்னாள்.

இது அவள் கண்டுபிடித்ததில்லை. சுவீடனில் ஆல்பர்ட் லெவன் என்ற அறிஞர் 1938-இல் வெங்காய வேரை ரசாயனத்தில் வைத்து அதன் செல்கள் எப்படிப் பிளக்கின்றன என்று பார்த்தார். அதிலிருந்து உலகம் முழுக்க ஆற்றுத் தண்ணீர், ஆலைத் தண்ணீர், குப்பைத் தண்ணீர் எதையும் சோதிக்க வெங்காயத்தை வைக்கிறார்கள். வேர் நுனியில் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும், விஷம் பட்டால் அந்தப் பிரிதல்தான் முதலில் தடுமாறும். அதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். நுண்ணோக்கி இல்லாதவர்கள் வேரின் நீளத்தை அளந்தே தெரிந்துகொள்ளலாம்.

ஐந்தாம் நாள் அடிபம்புத் தண்ணீரில் இருந்த வெங்காயத்துக்குத் தாடி முளைத்த மாதிரி வெள்ளை வேர். முழுக் கருப்புத் தண்ணீரில் இருந்ததற்கு வேரே இல்லை, அடித்தட்டு கொழகொழவென்று போயிருந்தது. அரைப் பங்கில் அரிசி அளவு மூக்கு நீட்டிப் பழுப்பாகி நின்றது. கால் பங்கில் குட்டை வேர், நுனி வளைந்திருந்தது. ஆனால் பத்தில் ஒரு பங்கு கலந்த டம்ளரில் வேர் நல்ல தண்ணீரில் வந்ததைவிட நீளம்.

நான் அதைப் பார்த்துக் குழம்பிப்போனேன். அவள் சொன்னாள்: "சித்தி, இதுதான் உன் முதல் வருஷம்."

குப்பைத் தண்ணீரில் அம்மோனியா இருக்கிறது, உப்பு இருக்கிறது, அழுகல் இருக்கிறது, ஈயம், காட்மியம், குரோமியம் என்று உலோகங்களும் இருக்கக்கூடும். நிறையத் தண்ணீரோடு கலந்து கொஞ்சமாக வந்தால் அம்மோனியா தழைச்சத்தாகிச் செடி துள்ளும். கூடுதலாக வந்தால் அதே அம்மோனியா வேரைச் சுடும். உப்பு கூடினால் வேரைச் சுற்றித் தண்ணீர் நின்றாலும் வேரால் குடிக்க முடியாது, நனைந்த மண்ணிலேயே பயிர் தாகத்தில் வாடும். உளுந்துக்கு உப்பு துளியும் ஆகாது, அதனால்தான் நெல் தாங்கிய இடத்திலும் அது செத்தது. அழுகல், மண்ணில் இருக்கிற காற்றையெல்லாம் தின்றுவிடும். இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கேடு. உலோகம் தெரியாது. செடி பச்சையாகவே நிற்கும், உலோகம் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு கோடை, வயலின் மேட்டுப் பக்கம் நாலு பாத்தியில் முளைக்கீரையும் தண்டுக்கீரையும் போட்டேன். முதல் வருஷம் பார்த்த செழிப்பை நம்பித்தான் போட்டேன். கட்டு கட்டாகச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் விற்றேன். கீரை நன்றாக இருக்கிறதென்று தேடி வந்து வாங்கினவர்கள் உண்டு. கைக்குழந்தைக்குப் பருப்போடு மசித்துக் கொடுக்க வாங்கிப்போன ஒரு பெண் இருந்தாள். இலைக்கீரைதான் மண்ணிலிருந்து உலோகத்தை அதிகமாக இழுக்கும் என்று அக்கா மகள் சொன்ன அன்றைக்கே பாத்திகளைப் பிடுங்கிப் போட்டேன். அதற்கு முன்னால் விற்றதை எப்படிப் பிடுங்குவது? அதில் விஷம் இருந்ததா, இல்லையா? இதைத்தான் நான் டெஸ்ட் பண்ணச் சொல்கிறேன். எனக்கு நஷ்ட ஈடு கிடைக்கிறதோ இல்லையோ, அந்தப் பிள்ளைக்கு நான் என்ன கொடுத்தேன் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? ராத்திரி தூக்கம் வராமல் இதை நினைத்துக் கிடக்கிறேன் என்று எந்த மனுவில் எழுதுவது?

சோதிக்க வந்தார்கள், வராமல் இல்லை. மனு கொடுத்தது கார்த்திகையில், வயலில் முழங்கால் கருப்புத் தண்ணீர் நிற்கும்போது. வந்தது சித்திரையில். வடிகால் வெடித்துக் கிடந்தது. "தண்ணி எங்கம்மா?" என்றார் வந்தவர். கடைசியில் பக்கத்து மோட்டார் கொட்டகையில் போரைப் போட்டு, நூறடி ஆழத்திலிருந்து வந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு தாள் வந்தது. எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது. என் பயிரைத் தொட்ட தண்ணீரை அவர்கள் தொடவில்லை, அவர்கள் தொட்ட தண்ணீரை என் பயிர் குடிக்கவில்லை. அந்தத் தாளில் பயிர் என்ற சொல்லே இல்லை.

டம்ளர் கதையையும் எடுத்துக்கொண்டு போனேன். வெங்காயங்களைத் தட்டில் வைத்துக் காட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பத்தில் ஒரு பங்கு டம்ளரை மட்டும் விரலால் காட்டி, "இதோ நல்லாதானே வளந்திருக்கு? உரம் மாதிரி வேலை செய்யுது, நீங்க தண்ணி கலந்து விட்டுக்கலாமே" என்றார். எந்தத் தண்ணீரைக் கலப்பது ஐயா? கார்த்திகை மழையில் நான் டம்ளர் வைத்து அளந்து மடை திறக்கிறேனா? பத்தில் ஒரு பங்காக வா என்று அந்த மேட்டுக்கு யார் சொல்வது?

மண்ணையாவது பார்ப்போம் என்று மண்வள அட்டைக்குக் கொடுத்தேன். 2015-இல் தொடங்கிய திட்டம், பன்னிரண்டு குணங்களைப் பார்த்து எழுதித் தருகிறார்கள். தழை, மணி, சாம்பல், துத்தநாகம், இரும்பு எல்லாம் அதில் உண்டு. உப்பின் கட்டமும் உண்டு, அந்தக் கட்டம் மட்டும் பழைய அட்டையிலிருந்து மாறியிருந்தது. ஈயத்துக்கோ காட்மியத்துக்கோ அதில் கட்டமே கிடையாது. பயிர்க் காப்பீட்டுக்குப் போனேன். புயல் உண்டு, வெள்ளம் உண்டு, வறட்சி உண்டு, பூச்சி உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோதும், 2015 நவம்பர் வெள்ளத்திலும் நாங்கள் இழந்ததை எழுதிக்கொள்ள ஒரு படிவம் இருந்தது. வானம் செய்ததற்குப் படிவம் இருக்கிறது. மனுஷர் செய்ததற்கு இல்லை.

சட்டத்தில் எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். திடக்கழிவுக்கு 2000-இல் ஒரு விதி, 2016-இல் இன்னொரு விதி. 2016 விதி சொன்னது: குப்பையைப் புதைக்கும் இடத்தின் அடியில் 90 சென்டிமீட்டர் களிமண் கெட்டிக்க வேண்டும், அதன்மேல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பில் பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டும், கசிகிற நீரைச் சேர்த்துச் சுத்திகரிக்க வேண்டும். சுத்திகரித்த பிறகும் ஆறு குளத்தில் விடுவதானால் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. ஆற்றுக்கு 100 மீட்டர் தள்ளி, குளத்துக்கு 200 மீட்டர் தள்ளி, வீடு, நெடுஞ்சாலை, பூங்கா, குடிநீர்க் கிணற்றுக்கு 200 மீட்டர் தள்ளித்தான் இடம் இருக்க வேண்டும். விமான நிலையத்துக்கு 20 கிலோமீட்டர். அக்கா மகள் வாசித்துக்கொண்டே வந்தாள். "வயலுக்கு எத்தனை மீட்டர்?" என்று கேட்டேன். மேலும் கீழும் தேடினாள். அந்த வரிசையில் வயல் இல்லை.

எங்கள் மாவட்டத்துக்கு இது புதுசு இல்லை. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஈச்சங்காடு, குடிகாடு, சோனஞ்சாவடி என்று ஊர்கள் இருக்கின்றன. மூச்சு முட்டுகிறது என்று அந்த ஜனங்கள் வருஷக்கணக்கில் சொன்னார்கள், ஆதாரம் கேட்டார்கள். 2004 வாக்கில் ஊர்க்காரர்களே கண்காணிப்புக் குழு வைத்து, வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். காற்றை வாளியில் பிடித்துக் காட்ட வேண்டிய நிலை! பின்னால் நாக்பூரில் இருக்கிற நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வே அந்த ஊர்களில் புற்றுநோய் ஆபத்து குறைந்தபட்சம் 2000 மடங்கு அதிகம் என்று சொன்னதாக 2008-இல் செய்தி வந்தது. அதுவரை அவர்கள் மூக்கை யாரும் நம்பவில்லை. மூச்சு விடுகிறவன்தான் காற்று கெட்டதென்று நிரூபிக்க வேண்டும், விதைக்கிறவள்தான் தண்ணீர் கெட்டதென்று நிரூபிக்க வேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

நியாயம் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. அதுவும் தமிழ்நாட்டு வழக்கில்தான். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைக் கழிவால் வேலூர்ப் பக்கத்து நிலமும் கிணறும் பாழானபோது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு. கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு, கேடு செய்யக்கூடியதை நடத்துகிறவருடையது என்று அதில் சொன்னார்கள். மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும், நிலத்தையும் மீட்டுத் தர வேண்டும் என்றார்கள். இதைக் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இவ்வளவு காலமும் நான் மேசை மேசையாக நின்று சுமந்த பாரம் என்னுடையதே இல்லை. அதே வேலூர் நிலத்துக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திரும்பவும் உத்தரவு போட வேண்டியிருந்தது என்பதையும் கேட்டேன். தீர்ப்புக்கும் வயலுக்கும் நடுவில் இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல். எனக்கு இப்போதே ஐம்பத்து நாலு வயது.

என்னோடு முடிகிற காரியமும் இல்லை இது. என் வடிகால் கிழக்கே போகிறது. கிழக்கே போகிற தண்ணீரெல்லாம் உப்பனாறு, வெள்ளாற்று முகத்துவாரம், பிச்சாவரம் என்று கடலைத் தேடித்தான் போகும். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்கு 2022-இல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் இடம் கிடைத்தது என்று விழா மாதிரிப் பேசினார்கள். அந்த வேர்களுக்கும் நன்னீர் மேற்கேயிருந்துதான் வருகிறது.

நகரத்துக்காரர்களைக் குப்பை போடாதே என்று நான் சொல்ல முடியாது. என் வீட்டிலும் குப்பை இருக்கிறது. பிரித்துக் கொடுத்திருந்தால், மட்கினது உரமாகி என் வயலுக்கே விலைக்கு வந்திருக்கும். நானே வாங்கியிருப்பேன். பேட்டரியையும் மீன் செதிலையும் ஒரே பையில் கட்டிப் போட்டு, அதை ஒரே மேட்டில் கொட்டி, அதன் அடியில் விரிப்பும் போடாமல், அதன் சாறு என் மடையில் ஏறின பிறகு "டெஸ்ட் பண்ணியாம்மா?" என்று கேட்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, டெஸ்ட் பண்ணுங்கள். நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. மழை பெய்த மறுநாள் வாருங்கள். சித்திரையில் வராதீர்கள். போர்த் தண்ணீரைப் பிடிக்காதீர்கள், மேட்டின் அடியில் ஒன்று, வடிகாலில் ஒன்று, என் மடைவாயில் ஒன்று என்று மூன்று இடத்தில் பிடியுங்கள். என் கண் முன்னால் பிடியுங்கள், பாட்டிலில் என் கைநாட்டையும் வாங்குங்கள். அந்தத் தண்ணீரில் உளுந்தைப் போட்டு எத்தனை முளைக்கிறது என்று எண்ணுங்கள், வெங்காயத்தை வைத்து வேரை அளங்கள். பத்தில் ஒரு பங்கில் நிறுத்தாமல் முழுசு வரைக்கும் பாருங்கள். தொட்டியில் கீரை வளர்த்து, அதை அறுத்து, உள்ளே ஈயம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள். முடிவை எனக்கு விளங்குகிற தமிழில், அடுத்த விதைப்புக்கு முன்னால் கொடுங்கள். முளைப்புக்கு ஒரு வாரம் போதும். வெங்காயத்துக்கு அஞ்சு நாள். நான் செய்தபோது வெங்காயத்துக்குக் கொடுத்த காசைத் தவிரச் செலவில்லை.

உளுந்து விதை இரண்டு மரக்கால் சாம்பல் கலந்து பானையில் கட்டி வைத்திருக்கிறேன். மடை ஓரத்துக்கு எடுத்துவைத்த பங்கை அந்த மூன்றாம் வருஷத்துக்குப் பிறகு தெளிக்கவில்லை, சமைக்கவும் இல்லை. போன மாதம் அதில் பத்து விதையை ஈரத்துணியில் கட்டிப் பார்த்தேன். எல்லாம் முளைத்தன. விதை இன்னும் நல்லாத்தான் இருக்கிறது. ஐப்பசி பிறக்கப்போகிறது, வடிகால் இன்னும் தூர்வாரவில்லை.